பின்பக்கம் பார்க்கவும்

மோட்டார் வைண்டிங் கடைக்கு நாளொன்றுக்குச் சரியாகப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பதின்மூன்றாவதாக வந்தவருக்குக் கடையின் வாசல் தெரியவில்லை. அடைமழை பெய்தாலும் பன்னிரண்டுதான், ஊரே திரண்டு அந்தத் தெரு வழியாக ஊர்வலம் போனாலும் பன்னிரண்டுதான். கடை திறந்த முதல் வாரத்தில் ஒருவர் எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அதற்குள் பன்னிரண்டு பேர் வந்து போயிருந்தார்கள். அவர் கடையைத் தாண்டி மூன்று முறை நடந்தார், எதிர்வீட்டில் விசாரித்தார், எதிர்வீட்டுக்காரர் கைநீட்டிக் காட்டிய இடத்தில் வந்து நின்று சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். உள்ளேயிருந்து கடைக்காரி இரண்டு கைகளையும் ஆட்டிக் கூப்பிட்டாள். அவர் பெருமூச்சு விட்டு, மோட்டாரை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, "நேத்து லீவாம்மா? சொல்லிட்டுப் போட்டிருக்கலாம்ல" என்று கோபித்துக்கொண்டார்.

கடைக்காரிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தெருவில் எல்லாரும் அவளை வைண்டிங்காரி என்றார்கள். தொழிற்பள்ளியில் மோட்டார் வேலை படித்துச் சான்றிதழ் வாங்கியவள். அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஏறாத பட்டறை இல்லை. போன இடத்தில் எல்லாம் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரித்தார்கள், வேலை மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் ஊர் எல்லையில் இருந்த பொத்தான் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். தகரக் கூரைக்கடியில் ஒரு ஸ்டூல், முன்னால் ஒரு தட்டு நிறையப் பொத்தான்கள். நான்கு துளை உள்ளவற்றை வலப்பக்கமும் இரண்டு துளை உள்ளவற்றை இடப்பக்கமும் தள்ள வேண்டும். நான்கு ஆண்டுகள் தள்ளினாள். தூக்கத்திலும் விரல்கள் தள்ளிக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். இளைஞர் தொழில் உதவி அலுவலகத்தில் புதிதாகக் கடை வைப்பவர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் வேலையை விட்டபோது, கொட்டகை மேஸ்திரி சிரித்துக்கொண்டே வழியனுப்பினார். "போ, போ, நல்லா இரு. உன் ஸ்டூலை நான் யாருக்கும் குடுக்கல. எப்படியும் வருவே." அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

பயிற்சி ஆறு வாரம் நடந்தது. மொத்தம் முப்பத்தொரு பேர். ரொட்டி சுடப் போகிறவன், செல்போன் பழுதுபார்க்கப் போகிறவன், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போகிறவர்கள் இரண்டு பேர், முடி வெட்டப் போகிறவள் என்று பல ரகம். கடைசி நாள் எல்லாருக்கும் தொழில் திட்டப் படிவம் கொடுத்தார்கள். எப்படி நிரப்புவது என்று காட்டுவதற்காகச் சுவரில் ஒரு மாதிரிப் படிவத்தை ஒட்டியிருந்தார்கள். யாரோ ஒருவர் குடை பழுதுபார்க்கும் கடை வைப்பதாகக் கற்பனை செய்து நிரப்பியது அது. பயிற்சியாளருக்கு அன்று பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மாதிரியைப் பார்த்து எழுதுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முப்பத்தொரு பேரும் மாதிரியைப் பார்த்து எழுதினார்கள். குடை என்று இருந்த இடத்தில் தங்கள் தொழிலை எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் எழுத்துப் பிசகாமல் அப்படியே இறக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் பத்து ஆண்டுகள் பலகையைப் பார்த்து எழுதிப் பழகிய கைகள் அவை. எழுதியதை ஒருவரும் படித்துப் பார்க்கவில்லை. அலுவலகத்தில் முத்திரை குத்தும் பெண்மணி, எல்லாருக்கும் முத்திரை அக்கா, முப்பத்தொன்றிலும் டம் டம்மென்று குத்திக் கோப்பில் கட்டி அலமாரியில் வைத்தார். வைண்டிங்காரிக்குக் கம்பி சுற்றும் இயந்திரம் ஒன்றும், வார்னிஷ் காய வைக்கும் சூட்டடுப்பு ஒன்றும் கிடைத்தன. ஒரே நிபந்தனை: கடை முழுதாக இரண்டு ஆண்டுகள் நடக்க வேண்டும். இடையில் மூடினால் இயந்திரமும் அடுப்பும் அலுவலகத்துக்குத் திரும்பிவிடும்.

அவளுக்குத் தோதாகக் கிடைத்த இடம் தெருவின் தாழ்ந்த முனையில் இருந்தது. நீண்டு சரிந்து இறங்கும் தெரு அது. அறுபது வீடுகள், கடைசியில் இவள் கடை. நீளவாக்கில் ஓர் அறை, ஒரு ஜன்னல், வேலை செய்யும் மேஜை, சுவர் நெடுக மரத்தட்டுகள். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்து, பள்ளங்களைச் சுரண்டிக் காப்புக் காகிதம் செருகி, புதுச் செம்புக் கம்பியைச் சுற்று தவறாமல் எண்ணிச் சுற்றி இறக்குவாள். ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் மறுபடி சூடாகும் என்பதால் எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் புருவத்தாலேயே விரட்டுவாள். முதல் மாதத்தில் பத்துப்பேர் வேலை சரியில்லை என்று திரும்பி வருவார்கள் என எதிர்பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. அவள் சுற்றிய விசிறிகள் அந்தத் தெருவின் வீடுகளில் சத்தமில்லாமல் ஓடின.

அம்மா கடைக்கு வருவதாக யாரும் பேசவே இல்லை. ஆனால் திறந்த அன்று காலை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்து வந்து, கம்பிச் சுருளைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பகல் பன்னிரண்டு அடித்ததும் அவள் கால்கள் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போயின. பாதி வாக்கியத்தில் எழுந்துவிடுவாள். "இரு, இந்தா இந்த முனையைப் பிடி, நான் போறேன் போல இருக்கு" என்பாள். பக்கத்துத் தெருவின் மேட்டில் ரொட்டிக்கடை வைத்தவனுக்கும் அப்படியே, அவன் அத்தை காலையில் மட்டும் வந்து மாவு பிசைந்தாள். செல்போன்காரனுக்கு உலகத்தில் உறவென்று ஒருவரும் இல்லை; விடுதியில் வளர்ந்தவன். அவன் கடை திறந்த அன்று கையில் ஒரு பையோடு ஒரு சித்தப்பா வந்து இறங்கினார். எங்கிருந்து வந்தார் என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. காலையில் மட்டும் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களை அதட்டுவார், மத்தியானம் இவனுக்காகச் சமைப்பார்.

அலுவலகம் அவர்களையெல்லாம் கூப்பிட்டு முதலாண்டு நிறைவுக்குத் தேநீர் கொடுப்பதாக இருந்தது. அலுவலகம் அலுவலகம்தானே, அது இரண்டாம் ஆண்டின் நான்காம் மாதத்தில்தான் நடந்தது. முப்பத்தொரு பேரும் வந்திருந்தார்கள். ஒருவர் கடையும் மூடவில்லை என்று மேலதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேநீரைக் குடித்துக்கொண்டே இளசுகள் ஒருவருக்கொருவர் பீற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். ரொட்டிக்காரன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"என்ன முதலாளியம்மா, உங்க கடையில ஈ ஓட்டுறீங்களாமே?"

"போடா. தினம் பன்னிரண்டு பேர் வராங்க எனக்கு."

"பன்னிரண்டா? எனக்கும் பன்னிரண்டுதான். ரொட்டிக்கடைக்குப் பன்னிரண்டு பேர் வந்தா நாசமாப் போக வேண்டியதுதான். ஆனா பாரு, வர்ற ஒவ்வொருத்தரும் பத்து வீட்டுக்குச் சேர்த்து வாங்கிட்டுப் போறாங்க."

முடி வெட்டுகிறவள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கும் பன்னிரண்டு. பஞ்சர் ஒட்டுகிற இரண்டு பேருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு. அறை மெல்ல மெல்ல அடங்கியது. முப்பத்தொரு பேரும் தரையைப் பார்த்தார்கள், ஏனென்றால் முப்பத்தொரு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தச் சுவரும் அந்தக் குடைக்கடைப் படிவமும் நினைவுக்கு வந்துவிட்டன. கடைசியில் வைண்டிங்காரிதான் எல்லாருக்கும் தோன்றியதைக் கேட்டாள்: "வேற என்னடா எழுதினோம்?"

முத்திரை அக்கா அலுத்துக்கொண்டே அலமாரியிலிருந்து படிவங்களை எடுத்து வந்து தூசு தட்டினார். வாடிக்கையாளர்கள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு பேர். பணியாளர்கள், உரிமையாளர் மற்றும் உறவினர் ஒருவர், காலையில் மட்டும். அதற்குக் கீழே எதிர்பார்க்கும் ஆபத்து என்று ஒரு கட்டம். அதில் அவரவர் கையெழுத்தில், முப்பத்தொரு முறை, ஒரே வரி இருந்தது: இரண்டாம் ஆண்டு ஏழாம் மாதம் கடைக்குள் தண்ணீர் புகும். அதற்குக் கீழே தீர்வு என்று இன்னொரு கட்டம். அதில் எழுதியிருந்தது: பின்பக்கம் பார்க்கவும். ரொட்டிக்காரன் தாளைத் திருப்பினான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சுவரில் ஒட்டிய தாளின் பின்பக்கம் யாருக்குத் தெரியும்? அவர்கள் பார்த்ததை எழுதியிருந்தார்கள்.

வைண்டிங்காரி தன் கடைத் தட்டுகளை எண்ணிப் பார்த்தாள். ரொட்டி நனைந்தால் மறுபடி சுடலாம். தண்ணீரில் மூழ்கிய கம்பிச் சுற்றை ஒன்றும் செய்ய முடியாது. அவள் கடையின் தட்டுகளில் அப்போது நாற்பது மோட்டார்களும் இருபத்தேழு விசிறிகளும் இருந்தன. இயந்திரத்தின் கியர்ப்பெட்டிக்குள் தண்ணீர் போனால் அதோடு அதன் கதை முடிந்தது. அலுவலகத்து வண்டி வந்து அதை ஏற்றிக்கொண்டு போகும். பொத்தான் கொட்டகையில் அந்த ஸ்டூல், மேஸ்திரி சொன்ன வாக்குத் தவறாமல், காலியாகவே கிடக்கிறது என்று தெருவில் யாரோ போன வாரம்தான் சொல்லியிருந்தார்கள். இடத்தை மாற்றலாமென்று நான்கு நாள் அலைந்தாள். ஆனால் படிவத்தில் கடைக்குள் என்றுதான் இருந்தது. எந்தக் கடை என்று இல்லை. மூன்றாவது மாடியில் வைத்தாலும் தண்ணீர் படியேறி வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ரொட்டிக்காரன் ஒரு யோசனையோடு ஓடி வந்தான். தண்ணீர் வருகிற அன்று விடிந்ததும் பன்னிரண்டு பேரை இழுத்து உள்ளே விட்டுவிட்டால், தண்ணீருக்கு வாசல் தெரியாமல் போகும் அல்லவா?

"தண்ணி என்னடா வாடிக்கையாளரா? அது வேற கட்டத்துல இருக்கு" என்றாள் அவள்.

அவன் சற்று நேரம் யோசித்து, "ஆமால்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாதிரிப் படிவத்தை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அலுவலகத்தில் சில மாதம் தற்காலிகமாக வேலை செய்த ஒரு தட்டச்சுப் பெண். இப்போது பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வைண்டிங்காரியும் ரொட்டிக்காரனும் ஒரு மத்தியானம் அவள் வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும், எந்தப் பேருந்து என்று அவள் நிமிராமல் கேட்டாள். குடைக்கடை என்றதும் நிமிர்ந்தாள்.

"அய்யோ, அதுவா! அது சும்மா மாதிரிக்கு எழுதினது. யாராவது அதையே எழுதுவாங்களா?"

அவள் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தாள். "எத்தனை பேர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். முப்பத்தொன்று என்று ரொட்டிக்காரன் சொன்னதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா என்று விரல்களுக்குப் பின்னால் தெரியவில்லை. ஏன் பன்னிரண்டு என்று கேட்டதற்கு, தான் அன்று வந்த பேருந்தின் எண் பன்னிரண்டு என்றாள். ஏன் தண்ணீர் என்றதற்கு, "குடைக்கடைன்னா மழை வேண்டாமா?" என்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வைண்டிங்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்பக்கம் என்ன எழுதினீங்க, அக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

"எழுதலையே."

"எழுதலையா?"

"அந்த வரியை எழுதும்போது சாப்பாட்டு மணி அடிச்சிட்டாங்க. வந்து எழுதிக்கலாம்னு போனேன். வந்தா வேற வேலை குடுத்துட்டாங்க. அப்படியே சுவத்துல ஒட்டிட்டாங்க போல."

திரும்பி வரும் பேருந்தில் இரண்டு பேரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு வைண்டிங்காரி சிரிக்க ஆரம்பித்தாள். அவளால் நிறுத்த முடியவில்லை. நடத்துனர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்று வாரமாக அவள் தன் தலைவிதி ஏதோ ஒரு தாளின் பின்னால் எழுதிக் கிடப்பதாகவும், அதைத் தேடிப் பிடிக்காவிட்டால் தன் கதை முடிந்தது என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. ஒருத்திக்குப் பசித்திருக்கிறது, எழுந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான். "டேய்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலியாத்தான்டா இருக்கு. நாமளே எழுதலாம்டா."

முன்பக்கத்தைத் திருத்த முத்திரை அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. முத்திரை விழுந்தது விழுந்ததுதான், மேலதிகாரியே வந்தாலும் தண்ணீர் என்ற வரியை அடித்துவிட முடியாது என்றார். பின்பக்கத்தில் முத்திரை இல்லை, ஆகையால் அங்கே எழுதலாம், மூன்று வரிக்குத்தான் இடம். ஒரு திங்கட்கிழமை காலை முப்பத்தொரு பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மூலையில் உட்கார வைத்து, அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் உலாவினார். "ஒருத்தர் தாளை ஒருத்தர் எட்டிப் பார்த்தீங்க, விரல்ல போடுவேன். ஒரு தடவை காப்பி அடிச்சது போதும்." அன்று அந்த அறையில் முப்பத்தொரு பேர் வாழ்க்கையில் முதல் தடவையாக எதையும் பார்க்காமல் எழுதினார்கள். பேனாவைக் கடித்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், இரண்டு பேர் அழுதார்கள். ரொட்டிக்காரன், தண்ணீர் மாவு மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு போகும் என்று எழுதினான். செல்போன்காரன் மூன்றே சொல்லில் முடித்துவிட்டான்: சித்தப்பா அதைப் பார்த்துக்கொள்வார்.

வைண்டிங்காரி எல்லாரும் போன பிறகும் எழுதாமல் இருந்தாள். கடையின் தட்டுகளை மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். முதல் தட்டில் மாடிவீட்டு ஆசிரியையின் விசிறி. பக்கத்தில் தச்சரின் அறுவை மோட்டார். அதற்கு மேல், இரட்டைக் குழந்தைக்காரர்களின் தண்ணீர் மோட்டார். அவள் என் சாமான்கள் என்று எழுதப் பேனாவைத் தாளில் வைத்தாள், கை நின்றது. அந்த அறையில் அவளுடைய சாமான் என்று சொல்ல ஒரு மேஜையும் ஸ்குரூ டிரைவர்களும்தான் இருந்தன. இயந்திரம்கூட அலுவலகத்துடையது. அவள் எழுதி நீட்டியதை முத்திரை அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். தண்ணீர் இருக்கும்வரை இந்தத் தெருவின் சாமான்கள் எல்லாம் மேலே இருக்கும். தண்ணீர் போனதும் இறங்கும்.

"இது உன் கடைக்கான படிவம்மா. தெருவையெல்லாம் எதுக்கு இழுக்கிறே?"

"என் கடையில இருக்கிறது எதுவுமே என்னோடது இல்லைக்கா. எல்லாம் தெருவோடதுதான். இன்னைக்கு இங்க இருக்கும், நாளைக்கு அவங்க வீட்டுல இருக்கும். எதைச் சேர்க்கிறது, எதை விடுறது?"

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதில் இப்படி எழுதக்கூடாது என்று எங்கும் இல்லை. மைப்பெட்டி அன்று காய்ந்து போயிருந்தது. அவர் ஓங்கிக் குத்தியும் முத்திரை பாதிதான் விழுந்தது. இன்னொரு முறை குத்தச் சொல்லி அவள் கெஞ்சினாள். ஒரு தாளுக்கு ஒரு பக்கத்தில் ஒரு முத்திரைதான், அதற்கு மேல் குத்தினால் தன் வேலை போய்விடும் என்றார் அவர்.

அந்தப் பாதி முத்திரைதான் ஏழாம் மாதம் முழுக்க அவளைத் தூங்கவிடாமல் செய்தது. விடிந்ததும் வானத்தைப் பார்ப்பாள். முதல் வாரம் வெயில். இரண்டாம் வாரம் மேகம் வந்து, நின்று, வேறெங்கோ போனது. அம்மா, "வரலைன்னா விடேன், வருத்தமா?" என்றாள். மாதத்தின் கடைசி நாள் காலை பளிச்சென்று இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அம்மா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு நான் போகமாட்டேன்" என்று கால்களோடு சண்டை போட்டாள். கால்கள் ஜெயித்தன. இரண்டு மணிக்கு, ஒரு துளி மழை இல்லாமல், தெருவின் மேல் முனையிலிருந்து தண்ணீர் நடந்து வந்தது. அவசரமில்லாமல், முகவரி தெரிந்த ஆள் வருவதுபோல வந்தது. கடை வாசலில் ஒரு கணம் தயங்கியது. உள்ளே வந்தது.

கணுக்கால் வரை வந்தபோது அவள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. கெண்டைக்கால் வரை வந்தபோது கீழ்த்தட்டிலிருந்த மோட்டார்களை வாரி மேல்தட்டில் வைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் சினை ஆட்டின் கனம் கனத்தது. மேல்தட்டில் இடம் தீர்ந்தது. தச்சரின் மோட்டாரை எங்கும் வைக்க முடியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் இயந்திரத்தின் கால்களில் ஏறியது. பாதி முத்திரை, பாதி முத்திரை என்று அவள் உதடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. தகரக் கூரையும் அந்த ஸ்டூலும் கண்முன் வந்தன. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. அப்போது அவள் கைகளுக்குள் தச்சரின் மோட்டார் லேசாயிற்று. முதலில் தன் கைதான் மரத்துவிட்டது என்று நினைத்தாள். அது ஒரு விரற்கடை எழும்பியது, பிறகு ஒரு சாண். அவள் கைகளை எடுத்தாள். அது போய்க்கொண்டே இருந்தது. அதன் பின்னால் விசிறிகள் எழும்பின, மோட்டார்கள் எழும்பின, செம்புச் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லிகள்போலச் சுவரோரமாக ஏறின. கடைசியாக இயந்திரம், தன் கால்களிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டு, பூனை எழுந்திருப்பதுபோல எழுந்து கூரைக்கு ஒரு முழம் கீழே போய் நின்றது. பாதி முத்திரைக்குப் பாதி தாமதம், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் காலி அறையின் நடுவில் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, இரண்டு மாதமாக உள்ளேயே வைத்திருந்த மூச்சை வெளியே விட்டாள்.

தெருவில் கூச்சல் கேட்டது. வெளியே வந்து பார்த்தபோது அறுபது வீடுகளிலும் அதே கதை. வீட்டுக்குள் இருந்தவை கூரையைப் போய் ஒட்டிக்கொண்டன. வெளியே இருந்தவை வீடுகளுக்கு மேலே போய் நின்றன: சைக்கிள்கள், கட்டில்கள், துணி காயும் கொடிகள் துணியோடு, தச்சர் பாதி செய்து வைத்திருந்த ஒரு கதவு. இரட்டைக் குழந்தைகளின் தாய், "ஐயோ, தொட்டில்! தொட்டில்!" என்று அலறினாள். தொட்டில் போயிருந்தது, இரண்டும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன, ஒரு சொட்டு படவில்லை. குழந்தைகளைச் சாமானில் சேர்க்கலாமா கூடாதா என்று தெருவில் இன்றும் ஒரு வாக்குவாதம் உண்டு. மறுநாள் பகல் முழுக்க ஜனங்கள் நனைந்த துணியோடு தங்கள் உடைமைகளுக்குக் கீழே நடந்தார்கள். யாருக்காவது ஒரு பாத்திரம் தேவைப்பட்டால் கம்பால் தட்டி இறக்கிப் பயன்படுத்திவிட்டுக் கையை விட்டார்கள். அது திரும்ப மேலே போய்விட்டது. பக்கத்துத் தெரு ரொட்டிக்கடையில் மாவு மூட்டைகள் காய்ந்தே இருந்தன என்று செய்தி வந்தது. செல்போன் கடையில் சித்தப்பா, மத்தியானம் ஆகிவிட்டதையும் பொருட்படுத்தாமல், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தண்ணீரை அரைமணி நேரம் திட்டியிருக்கிறார். அது தலைகுனிந்து அடுத்த சந்துக்குள் போய்விட்டதாம்.

இரண்டாம் நாள் மாலை தண்ணீர் வடிந்தது. சாமான்கள் இறங்க ஆரம்பித்தன. எல்லாரும் சேற்றில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வைண்டிங்காரி கடைக்குள் கைகளை விரித்துக்கொண்டு நின்று ஒவ்வொன்றையும் வாங்கி வைத்தாள். அம்மா வாசலில் வந்து நின்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். "நல்லாத்தான் பண்ணே. எல்லார் மோட்டாரையும் காப்பாத்திட்டே. இனிமே ரிப்பேருக்கு என்ன வரும், என் தலையா?" என்றாள். பிறகுதான் மாலை நேரத்தில் தான் அங்கே வந்து நிற்பது உறைத்து, தன் கால்களைக் குனிந்து பார்த்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அப்படியே சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். நகராட்சியிலிருந்து சேதப் பட்டியல் எழுத வந்தவர் அறுபது வீடும் ஏறி இறங்கிவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், சாமான்கள் மேலே இருந்தன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்தார்.

கடை இரண்டு ஆண்டுகளைத் தாண்டியது. இயந்திரம் அவளுக்கே சொந்தமாயிற்று. மூன்றாம் ஆண்டுப் படிவத்தை அவள் வீட்டிலேயே, ரொட்டிக்காரன் எட்டிப் பார்க்காதபடி கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். வாடிக்கையாளர்கள் பத்தொன்பது பேர் என்றும், உறவினர் ஒருவர், விருப்பப்பட்ட நேரத்தில் என்றும் எழுதினாள். முதல் நாள் பத்தொன்பது பேர் வந்தார்கள். முதுகு ஒடிந்தது. பொத்தான் கொட்டகை மேஸ்திரி ஒரு நாள் எரிந்த விசிறியோடு வந்தார். ஸ்டூலை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டதாகக் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார். அவள் விசிறியை வாங்கிச் சுழற்றிப் பார்த்து, நாளைக்கு வரச் சொன்னாள்.

பின்பக்கத்தில் எழுதியதற்குக் காலவரம்பு எதுவும் போடாமல் விட்டது பிற்பாடுதான் தெரிந்தது. அதன் பிறகும் ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை தண்ணீர் வந்தது, சாமான்கள் மேலே போயின, தண்ணீர் போனதும் இறங்கின. இறங்கும்போது கொஞ்சம் இடம் மாறி இறங்குவதுதான் தொந்தரவு. ஆசிரியையின் கட்டில் தச்சர் வீட்டிலும் தச்சரின் அண்டா மூன்று வீடு தள்ளியும் இறங்கி, சின்னச் சின்ன மனஸ்தாபங்கள் வந்தன. ஆகையால் அந்தத் தெருவில் யார் எந்தச் சாமான் வாங்கினாலும் முதல் வேலையாக அதைக் கவிழ்த்து, அடியில் வீட்டு எண்ணைப் பெரிதாக எழுதிக்கொள்வது வழக்கமாயிற்று. மேலே இருக்கும்போது கீழிருந்து பார்த்தால் அதுதானே தெரியும்.